பட்டன் இருந்தது, டயர்தான் இல்லை

டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எனக்குத் தெரிந்த விதம் கொஞ்சம் மோசம்.

என்னுடையது அதிகம் ஓடாத கார். ஒன்பது வருடத்தில் 30,000 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடுபள்ளமான ரப்பர், பாதிக்கு மேல் இருந்ததால், டயரை மாற்று என்று யார் சொன்னாலும் அதைக் காட்டி வாயை அடைத்துவிடுவேன். போன கோடையில் நெடுஞ்சாலையில் போகும்போது சீட்டுக்கு அடியில் லேசான நடுக்கம். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் பின்பக்கம் படபடவென்று அடிக்க, ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் பட்டன் பகுதி தனியாக உரிந்து தொங்குகிறது. காற்று மட்டும் அப்படியே இருக்கிறது!

ஸ்டெப்னியை எடுத்தேன். அதில் காற்றே இல்லை. வாங்கிய நாளிலிருந்து அதை யார் பார்த்தார்கள்?

டயர் கடைக்காரர் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3815. அதாவது 2015ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்த டயர். அந்த எண் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்குமாம். என் காரில் அது உள்பக்கம் திரும்பியிருந்ததால் கண்ணில் படவேயில்லை. ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், வெயிலில் நின்றால் இன்னும் சீக்கிரம். பத்து வருடம் ஆனால் பட்டனைப் பார்க்காமல் கழற்றிவிடு என்கிறார்கள் டயர் தயாரிப்பாளர்கள். சில கார் கம்பெனிகள் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் இருந்ததை நானும் பார்த்திருந்தேன். தூசி என்று துடைத்துவிட்டேன்.

—

உங்களுக்கு எண் உள்பக்கம், எனக்குத் தேய்மானமே உள்பக்கம். முன் டயர்கள் வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு அழகு. வேறு எதற்கோ வண்டியைத் தூக்கியபோதுதான் உள் ஓரத்தில் ரப்பர் போய்க் கம்பி தெரிந்தது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், மாறிப்போயிருக்கிறது, நான் பல மாதங்களாக அப்படியே ஓட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் ஸ்டீயரிங்கை முழுசாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டு உள் ஓரத்தைப் பார்க்கிறேன். கையால் தடவிப் பார்க்காதீர்கள், கம்பி இருந்தால் விரலைக் கிழித்துவிடும்.

என் டயர் கடைக்காரர் சொன்ன இன்னொன்று: நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. புது டயர் போட்டும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் அதுவும் இதே கதைதான்.

—

பள்ளத்தில் ஒரு இடி. மறுநாள் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடும்’ என்றார் ஒருவர். எத்தனை நாள் என்று கேட்டேன், பதில் இல்லை. உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர். அதை ஒட்டவெல்லாம் முடியாது. அன்றே மாற்றினேன்.

—

எனக்கு மழை சொல்லிக்கொடுத்தது. டயர் பட்டனின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்குமே, பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். பல நாடுகளில் சட்டம் அதுவரை அனுமதிக்கிறது. நானும் சட்டப்படிதான் ஓட்டினேன். புது டயரில் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் பள்ளம் இவ்வளவு குறைந்தபிறகு தண்ணீர் எங்கே போகும்? தேங்கிய நீரில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது. திருப்பினால் கார் திரும்பவில்லை. இரண்டு நொடி இருக்கும். இப்போது 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிடுகிறேன், வீட்டில் வீண்செலவு என்கிறார்கள்.

அப்புறம், இரண்டுதான் வாங்க முடிகிறது என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடுவதுதான் சரி என்று நானும் நினைத்தேன். ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதைச் சமாளிப்பது கஷ்டம்.

—

முதலில் எழுதியவன்தான். ஸ்டெப்னியையும் மாற்றினீர்களா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நான்கு சக்கரமும் புதுசு. ஸ்டெப்னி... காற்று அடித்து வைத்திருக்கிறேன். எண் இன்னும் 3815தான். சரி, சனிக்கிழமை போகிறேன்.