கண்ணில் நெல் பட்டு வந்த புண்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

முத்தையன்கட்டிலிருந்து:

காலபோக வெட்டு நடக்கிற நேரம். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். போன வருடம் மெசின் வெட்டும்போது பறந்த பதர் அப்பாவின் வலக்கண்ணில் அடித்தது. கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார். சில நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சமே பார்க்க முடியவில்லை. மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். சிவப்புக் குறைந்தது, ஆனால் நோவு கூடியது. பிறகு கருவிழியில் குண்டூசித் தலையளவு வெள்ளை. "பூ விழுந்திட்டுது" என்று அம்மா அழத் தொடங்கிவிட்டா.

கண் கிளினிக்கில் டொக்டர் கண்ணைப் பார்க்க முன்னமே கேட்டது இதுதான்: "ஐயா, கண்ணிலை என்ன பட்டது? அதுக்குப் பிறகு என்ன மருந்து விட்டனீங்கள்?" நல்லகாலம், அப்பா அந்தப் போத்தலைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அதில் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு இருந்தது. பங்கசு (பூஞ்சை) பிடித்த புண்ணுக்கு ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு அடங்கினமாதிரி இருக்கும், உள்ளே பங்கசு பரவிக்கொண்டே போகும்.

கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது புண் பச்சையாக மின்னியது. விளிம்பு இறகுபோல் சிலும்பி இருந்தது. பக்கத்தில் குட்டிப் புள்ளிகள், கீழே சீழ் மட்டம். பங்கசாக இருக்கலாம் என்றார், ஆனால் அதோடு விடவில்லை. விறைப்பு மருந்து விட்டு, சின்னக் கத்தியால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் சுரண்டி எடுத்தார். அப்பா அசையாமல் இருந்தார், நோவில்லையாம். ஒரு கண்ணாடித் துண்டில் 10 வீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விட்டார்கள். அது கலங்களைக் கரைக்க, பங்கசு இழைகள் மட்டும் நுணுக்குக்காட்டியில் தெளிவாகத் தெரியும். இன்னொரு துண்டுக்கு, பற்றீரியா இருக்கிறதா என்று பார்க்க, கிராம் சாயம். மிச்சத்தை வளர்ப்புத் தட்டுகளில் ஆங்கில 'சி' எழுத்தாகக் கீறினார்கள். ஏன் என்று கேட்டேன். கீறின கோட்டில் வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்த கிருமி, கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றிலிருந்து விழுந்தது என்றார்கள்.

இழைகள் அன்றே தெரிந்தன, பங்கசுக்கான நாட்டமைசின் சொட்டு மருந்து அன்றே தொடங்கியது. இரவு பகலாக மணிக்கொருமுறை நானும் தங்கச்சியும் மாறி மாறி விட்டோம். வளர்ப்பு முடிவு பிறகுதான் வந்தது: பியுசேரியம் என்ற பங்கசு.

வவுனியாவிலிருந்து, கண் பிரிவில் வேலை செய்யும் தாதி:

இதை எல்லோரும் வாசிக்க வேண்டும். பற்றீரியாப் புண் வேகமாகப் பெருகும், பீளை அதிகம். பங்கசு மெல்ல வரும். ஆனால் வெறும் பார்வையை நம்பினால் அனுபவமுள்ளவர்களும் பிழைவிடுவார்கள். சரி, எந்தப் பங்கசு என்று அறிந்து என்ன பயன்? தென்னிந்தியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வொரிகொனசோல் என்ற இன்னொரு பங்கசுச் சொட்டு மருந்தைவிட நாட்டமைசின் நன்றாக வேலை செய்தது. பியுசேரியத்தில் அந்த வித்தியாசம் மிகப் பெரிது.

ஓரத்தில் உள்ள எல்லாச் சிறு புண்ணையும் சுரண்டுவதில்லை. நடுவில், பெரிதாக, ஆழமாக இருந்தாலோ மருந்துக்கு அடங்காவிட்டாலோ கட்டாயம் சுரண்டவேண்டும். முன்பே அன்ரிபயோற்றிக் விட்டிருந்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்போது திரும்பவும் எடுப்பார்கள். அதனால், கடையில் வாங்கி விடாமல் நேரே வாருங்கள். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் வேண்டவே வேண்டாம்.

மாங்குளத்திலிருந்து:

அக்காவின் மகளுக்குக் கண்ணில் ஒன்றும் படவில்லை, ஆனாலும் அதே சிவப்பு, அதே கண்ணீர். சாயம் வைத்தபோது மரக்கிளை மாதிரிக் கீறல் தெரிந்தது. பஞ்சு நுனியால் இரண்டு கருவிழியையும் தொட்டுப் பார்த்தார்கள். நல்ல கண்ணைத் தொட்டதும் உடனே மூடினாள், இந்தக் கண்ணில் உணர்வு குறைவு. ஹெர்பிஸ் வைரசு. சுரண்டாமலே வைரசுக்கான அசைக்ளோவிர் களிம்பு தந்தார்கள். இதற்கும் ஸ்டீராய்டு தனியாக விட்டால் மோசமாகுமாம்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

நேற்றுத் தம்பிக்கு உமி பட்டது, கண் சிவந்திருக்கு. காலைவரை துணியால் கட்டிவைக்கலாமா?

வவுனியாத் தாதி:

கட்டாதீர்கள் தம்பி. கிருமி இருந்தால் மூடின கண்ணுக்குள் இன்னும் பெருகும். கசக்கவிடாதீர்கள், கறுப்புக் கண்ணாடி போடலாம். விடிந்ததும் கண் கிளினிக் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், உமி பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள்.