டெர்யே ஏன் அவர்களை விட்டுவிட்டான்?

கவிதையிலிருந்து எடுத்த படம் என்று பேச்சு வந்தாலே நான் முதலில் சொல்வது 'டெர்யே வீகன்'. 1917-இல் ஸ்வீடனில் வந்த மௌனப் படம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நார்வே எழுத்தாளர் இப்சன் என்றால் நமக்கு நாடகம்தான் நினைவுக்கு வரும், ஆனால் இதற்கு மூலம் அவர் 1862-இல் வெளியிட்ட நீண்ட கதைக் கவிதை. இயக்கி, டெர்யேயாக நடித்தவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். நாற்பது வருடம் கழித்து ஸ்வீடிஷ் இயக்குநர் பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படத்தில் முதிய பேராசிரியராக வந்தாரே, அவரேதான்.

கதை 1809-இல் நடக்கிறது. நெப்போலியன் காலத்துப் போர், ஆங்கிலேயக் கப்பல்கள் நார்வேக் கரையை அடைத்து நிற்கின்றன, ஊரில் தானியம் இல்லை. மனைவிக்கும் குழந்தைக்கும் வேண்டி டெர்யே சின்னப் படகில் தனியாகத் துடுப்பு வலித்து டென்மார்க் வரை போய் பார்லி வாங்கி வருகிறான். ஊரை நெருங்கும்போது ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள், பார்லி கடலோடு போகிறது, எவ்வளவு கெஞ்சியும் அவர்களின் இளம் கேப்டன் காதில் ஏறவில்லை. 1814-இல் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தால் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். மனைவியும் மகளும் இறந்து, ஊர்ச் செலவில் புதைத்தாயிற்று.

அந்தத் துரத்தல் காட்சியை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். துடுப்பை இழுக்க இழுக்க முதுகு வளைந்து நிமிர்கிறது, பின்னால் கப்பல்காரர்களின் படகு நெருங்குகிறது. செட் எதுவும் இல்லை, ஒளிப்பதிவாளர் யூலியஸ் யான்சோன் நிஜக் கடலையே படம் பிடித்திருக்கிறார். இடையில் வரும் எழுத்து அட்டைகளிலும் இப்சனின் வரிகள்தான், அதனால் கவிதை எங்கும் தொலைந்துபோகவில்லை.

அப்புறம் பல வருடம் கழித்து, புயலில் மாட்டிய ஓர் ஆங்கிலேயப் படகைக் காப்பாற்றப் போகிறான். அதில் அதே கேப்டன், மனைவி குழந்தையோடு. பழிவாங்க இதைவிட வாய்ப்பு வராது. குழந்தையைப் பிடித்தும்விடுகிறான், ஆனால் கை வரவில்லை.

அட்டைகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். "பாவம், மன்னிச்சுட்டான்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கேப்டனை அவன் மன்னிக்கவே இல்லை, கையில் இருந்தது ஒரு குழந்தை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார், மன்னிக்காதவன் கரையில் கொண்டுபோய் விடுவானா என்று கேட்கிறார். பார்த்தவர்கள் உங்களுக்கு எப்படிப் பட்டது என்று எழுதுங்கள்.