ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் இந்த எரிச்சல்? வீட்டு டீதான் காரணமா?

கம்பத்தான்:
வீடு கம்பத்தில், வேலை மலை மேலே கேரளக் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில். விடியற்காலை பஸ் ஏறும்போதே ஒரு டீ, அப்புறம் காய் தரம் பிரிக்க உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பக்கத்துச் சேட்டன் கடைக் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, வந்துகொண்டே இருக்கும், மனசும் தெளிவாக இருக்கும். ஞாயிறு லீவு, ஒன்பது மணிக்கு எழுந்து வீட்டில் பால் டீ ஒன்று, அதோடு சரி. மதியத்துக்குள் நெற்றிப்பொட்டில் வலி, பிள்ளைகள் டிவி சத்தம் வைத்தாலே கத்திவிடுகிறேன். பால் டீ எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை கட்டனில் ஏதாவது இருக்கிறதா?

மலையடிவாரம்:
தம்பி, பாலைக் குறை சொல்லாதீர்கள். குடித்தது அல்ல, குடிக்காமல் விட்டதுதான் வேலையைக் காட்டுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேரும், அதுதான் அசதி தருவது. அது உட்காரவேண்டிய சீட்டில் டீயில் இருக்கும் காஃபின் முந்திப்போய்த் துண்டு போட்டுவிடும், அதனால் களைப்பு தெரியாது. தினமும் இப்படியே நடந்தால் மூளை சீட்டைக் கூட்டிக்கொள்ளும். ஞாயிறன்று ஒரே ஒரு டீ, வழக்கமான அளவு காஃபின் வரவில்லை, பெரும்பாலான சீட்டில் அடினோசின். தலையில் ரத்தக்குழாய் விரிந்து வலி, கூடவே சிடுசிடுப்பு. காஃபினை நிறுத்தியோ வெகுவாகக் குறைத்தோ 12 முதல் 24 மணி நேரத்தில் இது தொடங்கும். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி கட்டன், ஞாயிறு மதியம் வலி, கணக்கு சரியாக வருகிறதா? அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேட்டில் 2013லேயே இதைச் சேர்த்துவிட்டார்கள்.

தேயிலையில் தியானின் என்று ஒன்று உண்டு, அமைதி தரும் என்பார்கள். ஆனால் ஆய்வுகளில் கொடுத்த அளவுக்குப் பக்கத்தில்கூட ஒரு கிளாஸ் டீ வராது.

எல்லையோரம்:
அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள், சனிக்கிழமை ராத்திரி கள்ளுஷாப்பு பக்கம் ஒதுங்குவது உண்டா? நம் பக்கம் 1987லிருந்து கள் கிடையாது, மலை ஏறிக் கேரளா போனால் லைசென்ஸ் கடை. எங்கள் ஊர் ஆட்கள் பலர் குடித்ததும் கலகலவென்று பாடுவார்கள், படுத்ததும் தூங்கிவிடுவார்கள், ஆனால் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். மறுநாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், பழி மனைவி போட்ட காபி மேல்!

கம்பத்தான்:
கள் பழக்கம் இல்லை தம்பி, இருந்தால் வீட்டில் விட்டுவைப்பார்களா. மலையடிவாரம் அண்ணன் சொன்னதுதான் பொருந்துகிறது. அப்படியானால் ஒரேயடியாக நிறுத்திவிடட்டுமா?

குமுளி அக்கா:
ஒரேயடியாக வேண்டாம் தம்பி, தலைவலி வாரம் முழுக்கக்கூட இழுக்கும். ஒரு கிளாஸைக் குறைத்து நாலைந்து நாள் பழகி, அப்புறம் அடுத்ததைக் குறையுங்கள். முதலில் சாயங்காலத்துக் கட்டனை வெட்டுங்கள், நாலு மணிக்குக் குடித்தால் ஒன்பது மணிக்கும் பாதி காஃபின் உடம்பில் நிற்கும். கை சும்மா இருக்காது என்றால் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட வெந்நீர், அல்லது சுக்கும் கருப்பட்டியும் மட்டும் தட்டிப்போட்ட தண்ணீர். இங்கே சுக்குக் காபி என்று கேட்டால் பல கடையில் காபித்தூளும் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

மலையடிவாரம்:
அதுவரை ஞாயிறன்றும் வழக்கமான நேரத்திலேயே முதல் டீயைக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வலி நிற்கவில்லை என்றால் மாத்திரையை நீங்களாக விழுங்காமல் பிரஷரைப் பார்த்துவிடுங்கள், சில தலைவலி மாத்திரையிலேயே காஃபின் இருக்கிறது.