பதினாறு வயசுக் கொலைக்கு எந்தக் கோர்ட்?

தேனி மாறன்:
2017 செப்டம்பர், குருகிராம். ஒரு தனியார் பள்ளிக் கழிப்பறையில் ஏழு வயசுப் பையன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். சிபிஐ பிடித்தது அதே பள்ளியின் 16 வயசு பதினோராம் வகுப்பு மாணவனை. பரீட்சையும் பெற்றோர் கூட்டமும் தள்ளிப்போகட்டும் என்று செய்தானாம். இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு ‘சிறுவன்’ என்று எதற்குச் சலுகை?

கயல்:
மாறன் அண்ணா, கதையைப் பாதியிலிருந்து சொல்றீங்க. முதல்ல போலீஸ் பிடிச்சது ஸ்கூல் பஸ் கண்டக்டரை. ‘அவரே ஒத்துக்கிட்டார்’னு டிவியில காட்டினாங்க. அன்னிக்கும் ‘தூக்குல போடு’ன்னுதான் எல்லாரும் எழுதினோம், நானும்தான். 2018ல அவரை வழக்கிலிருந்தே விடுவிச்சுட்டாங்க.

தேனி மாறன்:
ஆள் மாறியது போலீஸ் தப்பு. வயசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? டெல்லி 2012 நிர்பயா பலாத்காரக் கொலை வழக்கைப் பாருங்கள். கூட இருந்த நாலு பேர் 2020ல் தூக்கில். பதினேழரை வயசுக்காரன் மூணே வருஷத்தில், 2015 டிசம்பரில் வெளியே.

ஜூனியர் வக்கீல்:
அந்தக் கோபத்தில் வந்ததுதான் 2015 இளைஞர் நீதிச் சட்டம். இப்போது 16 முடிந்து 18 ஆகாதவன் கொலை செய்தால், சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனை மதிப்பிடும்: உடல், மன வளர்ச்சி எப்படி, விளைவு புரிந்துதான் செய்தானா, எந்தச் சூழ்நிலையில் செய்தான். மூன்று மாதம் கெடு. தேவை என்றால் பெரியவனைப் போல விசாரிக்கலாம். தூக்கு மட்டும் கிடையாது, விடுதலைக்கே வழியில்லாத ஆயுளும் கிடையாது. 21 வயசு வரை தனி இடம். அதற்குள் திருந்தவில்லை என்றால் மிச்சத்துக்கு ஜெயில்.

சிக்கல் அந்த மதிப்பீட்டில்தான். ஒருமுறை சீனியரோடு போயிருந்தேன். ‘செஞ்சது தப்புன்னு தெரியுமா?’ என்று கேட்டார்கள். பையன் சட்டை நுனியைத் திருகிக்கொண்டே ‘தெரியும் சார்’ என்றான். வாசலில் அவன் அம்மா சொல்லிக் கொடுத்த பதில் அது, நானே கேட்டேன். ‘விளைவை உணர்ந்தவன்’ என்று எழுதிவிட்டார்கள். என் அக்கா மகனுக்கு நாலு வயசு. அவனும்தான் ‘தப்பு’ என்பான்.

குருகிராம் வழக்கிலேயே முதல் மதிப்பீடு நிற்கவில்லை. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லை என்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மேலூர் ராசு:
குருகிராம் பையன் டெல்லி வரைக்கும் வக்கீல் வச்சான், திரும்பப் பார்த்தாங்க. கேஸ் முடியுற வரைக்கும் பசங்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்துல கிடக்குற கூலிக்காரன் மகனுக்கு எந்த நிபுணர்யா வர்றாரு?

தேனி மாறன்:
ராசு சொல்வது நியாயம். ஆனால் கயல், மறு மதிப்பீட்டிலும் பெரியவனாகவே விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள். இதையாவது ஏற்பீர்களா?

கயல்:
ஏத்துக்கறேன் அண்ணா. முறையா பார்த்துச் சொன்னா ஏன் மறுக்கப் போறேன்? விட்டுடுங்கன்னு நான் எங்கயும் சொல்லல. அவசரப்படாதீங்கன்னுதான் சொன்னேன்.

தேனி மாறன்:
அவசரமா? செத்த பிள்ளை இருந்திருந்தால் இந்நேரம் மீசை அரும்பியிருக்கும், கயல்.