விண்டோஸ் 11 போட்டா பழைய பில் சாஃப்ட்வேர் ஓடுமா?

ஹட்டன்_கொம்யூனிகேஷன்:
அண்ணேமார், கடையில இருக்கிறது விண்டோஸ் 10, 32 பிட், ஐ5 ஆறாவது ஜெனரேஷன். அப்டேட் நின்டுபோச்சுன்னு சொல்றாங்க, 11 போடலாமா? பழைய டாஸ் பில் சாஃப்ட்வேர் ஒன்னு இருக்கு, தோட்டத்து ஆளுங்களோட கடிதம் எல்லாம் பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணி வச்சிருக்கேன், அதெல்லாம் போயிருமோன்னு பயமா இருக்கு.

பதுளை_டெக்:
தம்பி, 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சிது. 11க்கு டிபிஎம் 2.0ன்னு ஒரு செக்யூரிட்டி சிப்பும் இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனும் வேணும், உங்க மெஷின் அந்த லிஸ்ட்ல இல்ல. அதோட 11 முழுக்க 64 பிட், அதுல உங்க டாஸ் பில் சாஃப்ட்வேர் மாதிரி பழைய 16 பிட் சாஃப்ட்வேர் நேரா ஓடவே ஓடாது, டாஸ் சாஃப்ட்வேரை ஓட்டுற டாஸ்பாக்ஸ்னு ஒரு புரோகிராம்ல போட்டுப் பாக்கலாம், ஆனா பிரிண்ட் எடுக்கிறதுதான் கரைச்சல். கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்ல பதிஞ்சா 2026 அக்டோபர் வரைக்கும் 10லயே இருக்கலாம், நான்னா அதைத்தான் செய்வேன்.

பண்டாரவளை_அக்கா:
பாமினிக்குப் பயப்படாதீங்க தம்பி, 11லயும் வேலை செய்யும், ஃபான்ட் ஃபைலை மட்டும் பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்கோங்க. ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தாத்தான் தெரியும், அதனால முக்கியமான கடிதங்களை எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியிற யுனிகோடுக்கு மாத்திருங்க. பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கான்னும் முதல்லயே பாருங்க.

ஹட்டன்_கொம்யூனிகேஷன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இப்போதைக்கு அந்தக் கூடுதல் அப்டேட்ல பதிஞ்சு 10லயே இருக்கிறேன், பில் டேட்டாவை இன்னைக்கே பேக்கப் எடுக்கிறேன்.