மகளுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை: வலிக்கு எந்த ஊசி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு நாலு வயது. பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது. அடுத்த வாரம் எலும்பை வெட்டிச் சரிசெய்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு போடப் போகிறார்கள்.

முழு மயக்கம் கொடுத்த பிறகு, வலிக்காகத் தனியாக மரத்துப்போகும் மருந்தும் தருவார்களாம். மயக்க மருத்துவர் இரண்டு வழி சொன்னார். வால் எலும்புப் பக்கம் ஒரே தடவை போடும் காடல் ஊசி. அது சில மணி நேரம்தான் தாங்கும். இன்னொன்று எபிடியூரல்: முதுகில் மெல்லிய குழாய் வைத்து இரண்டு மூன்று நாள் மருந்து விடுவது. மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்து குறைவாகத் தேவைப்படும், வாந்தியும் குறையும். ஆனால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம், கால் பலமில்லாமல் கிடக்கலாம்.

என்னை உறுத்துவது வேறு. கால் மரத்துக் கிடக்கும்போது மாவுக்கட்டு இறுக்கினால் அவள் எப்படிச் சொல்வாள்? விரல்களின் நிறம், சூடு, வீக்கம் பார்க்கச் சொன்னார்கள். நீங்கள் இரவில் எத்தனை தடவை பார்த்தீர்கள்? குழாய் இடையில் கழன்றதா? எடுத்ததும் வலி திடீரென ஏறியதா, அதற்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்தார்களா? இந்த இரண்டும் இல்லாமல், இடுப்பு நரம்புகளுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்ட குழந்தைகளின் பெற்றோர் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

முடிவை மருத்துவரோடு பேசித்தான் எடுப்போம். நாளை மறுநாள் அவரைப் பார்க்கிறேன். அதற்குள் பதில் வந்தால் பெரிய உதவி.