ஊரடங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகள்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியை

பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்ததைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. திறந்த பிறகு வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்பதை அங்கே நின்றவர்கள் சொன்னால்தான் உண்டு. அதற்காகத்தான் இதைத் தொடங்குகிறேன். ஆசிரியர்கள், பெற்றோர்கள், யாராக இருந்தாலும் உங்கள் கண்ணில் பட்டதை எழுதுங்கள்.

அப்போது நான் பாடம் எடுத்தது இரண்டாம் வகுப்புக்கு. பதிவேட்டில்தான் இரண்டாம் வகுப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. என் முகத்தை போனில் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு பெண் குழந்தை என்னை அண்ணாந்து பார்த்து, "அந்த டீச்சர் நீங்கதானா? இவ்ளோ பெரிசா இருக்கீங்க!" என்றாள். மணி அடித்தால் என்ன செய்வது, தண்ணீர் குடிக்க யாரைக் கேட்பது, பக்கத்துப் பிள்ளையின் ரப்பர் வேண்டுமென்றால் எப்படி வாங்குவது, எல்லாமே புதுசு. வரிசையில் நில்லுங்கள் என்றால் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்பார்கள். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஆனால் இது பழகாமல் பாடம் மண்டையில் ஏறாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். கண்ணைப் பார்த்தால் பதில் தெரியும் என்று புரியும். முகக்கவசத்துக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பான், ஒன்றும் கேட்காது. பேச்சில் சிக்கலோ என்று அவன் அம்மாவை அழைத்துப் பேசினேன். வீடு ஒரே அறை. அப்பாவுக்கு நாள் முழுக்க போனில் பேசுகிற வேலை, அக்காவுக்கு ஆன்லைன் வகுப்பு. "சத்தம் போடாதே" என்பதுதான் ஒன்றரை வருடமாக அவன் அதிகம் கேட்ட சொல். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, குரலை உள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டான்.

அவனுக்கு வாசிப்புப் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு, தினமும் மைதானத்தில் வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தேன். முதலில் பக்கத்திலேயே நிற்கவைத்து "உள்ளேன் டீச்சர்" சொல்லச் சொன்னேன். அப்புறம் கொஞ்சம் தள்ளி, அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி. கடைசியில் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினான். மற்ற பிள்ளைகளும் தங்களையும் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் பள்ளிக்கூடமே அதிர்ந்தது. அவன் குரலை நான் சரியாகக் கேட்டது அன்றைக்குத்தான். நல்ல கணீர்க் குரல்.

முகக்கவசத்தோடு எழுத்து சொல்லித் தந்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒட்டுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கு எங்கே போகிறது என்று வாய்க்குள் எட்டிப் பார்க்காத குறையாகப் பார்த்துத்தான் குழந்தைகள் பழகும். துணியால் வாயை மூடிக்கொண்டு நான் "மழை" என்றால் வகுப்பு மொத்தமும் "மலை" என்கிறது. ஒருநாள் எல்லோரையும் வெளியே திறந்தவெளிக்கு அழைத்துப் போய், தள்ளி நின்றுகொண்டு, முகக்கவசத்தைக் கழற்றினேன். பாடம் நடக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், உங்க பல்லு தெரியுது!" என்று ஒருத்தி கூவினாள். அந்த ஆச்சரியம் அடங்கிய பிறகுதான் நாக்கை மடித்துக் காட்ட முடிந்தது. அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேருக்கு 'ழ' வந்துவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான்: திரும்பி வந்த பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பாடம் தொடங்க வேண்டும். பதிவேடு சொல்கிற இடத்திலிருந்து தொடங்கினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும். இதற்குப் பெருந்தொற்றுக்கு முன்பே ஒரு பாடம் இருக்கிறது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. பள்ளிகள் சராசரியாக 14 வாரங்கள் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து அங்கே போய்ச் சோதித்த ஆய்வாளர்கள், நிலநடுக்கம் கிளம்பிய நிலப்பிளவுக்கு அருகே வாழ்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்றரை ஆண்டுப் படிப்பு பின்தங்கியிருப்பதைக் கண்டார்கள். மூடியிருந்தது மூன்றரை மாதம்கூட இல்லை! பள்ளிக்குத் திரும்பிய பிறகும் ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பிள்ளைகள் குறைவாகவே கற்றிருக்கிறார்கள். பாடம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தொடக்கக் கல்வியாவது முடித்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் மட்டும் அந்தப் பின்னடைவு தென்படவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் விட்டதைப் பிடித்துக் கொடுத்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாம் வகுப்பில் இருந்த பையனின் அம்மா

வணக்கம் டீச்சர். நீங்கள் எழுதிய அந்தக் குரல் இல்லாத பையனைப் படித்து அழுதுவிட்டேன்.

என் மகனுக்குப் படிப்பில் பயமில்லை. நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தவன்தான். ஆனால் பள்ளிக்குப் போய் வந்த அன்றிலிருந்து பாட்டி பக்கமே போகவில்லை. நேராகக் குளியலறை, அப்புறம் தனியாக ஒரு மூலை. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது. ஒரு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு கேட்டான்: "ஸ்கூல்ல இருந்து நான் கொண்டுவந்துட்டா பாட்டியும் தாத்தா மாதிரி போயிடுவாங்களாம்மா?"

இரண்டாவது அலையில் என் மாமனாரை இழந்திருந்தோம். வீட்டில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லவே வேண்டியதில்லை. குழந்தைகள் வழியாகப் பெரியவர்களுக்குப் பரவும் என்று டிவியில் காலை மாலை ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு படுத்திருக்கிறது.

சரிசெய்தது என் மாமியார்தான். அவனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, "ரெண்டு ஊசியும் போட்டாச்சுடா எனக்கு. நீ போய்ட்டு வந்து அங்க நடந்ததைச் சொல்லு, எனக்கும் பொழுது போகணும்ல" என்றார். அவன் வகுப்பாசிரியையிடமும் விஷயத்தைச் சொன்னேன். மதிய இடைவேளையில் அலுவலக போனில் பாட்டியோடு அரை நிமிஷம் பேச விட்டார்கள். "பாட்டி, நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன்யா." அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில் போன் பண்ணவே மறந்துவிட்டான். பாட்டிதான் போன் வரவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு நிறைந்துபோனது.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்

வந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். வராத பிள்ளைகளைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். உலகம் முழுக்க 2 கோடியே 40 லட்சம் மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பாமலே போகும் அபாயம் இருப்பதாக யுனெஸ்கோ மதிப்பிட்டது. அந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு என் வகுப்பின் காலி பெஞ்சுகள்தான் கண்ணில் வரும்.

ஒருவனைத் தேடிப் போனேன். வாகனப் பட்டறையில் கிரீஸ் படிந்த கையோடு நின்றான். வீட்டில் பணக்கஷ்டம் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு. "இப்ப வந்தா எனக்கு என்ன சார் புரியப் போகுது?" பணம் ஒரு காரணம்தான். எல்லோர் முன்னாலும் ஒன்றும் தெரியாமல் நிற்க வேண்டுமே என்கிற கூச்சம் அதைவிடப் பெரிது. மாலையில் தனியாக வா, எங்கே விட்டாயோ அங்கிருந்து பார்ப்போம் என்று சொன்ன பிறகுதான் வந்தான். நீங்கள் இரண்டாம் வகுப்புக்குச் சொன்னது பத்தாம் வகுப்புக்கும் அப்படியே பொருந்தும், டீச்சர்.

இன்னொரு மாணவி வீட்டுக் கதவைத் திறந்தபோது இடுப்பில் தம்பி. பள்ளி மூடிய காலத்தில் வீட்டுப் பொறுப்பெல்லாம் அவள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. பள்ளி திறந்த பிறகு அதை யார் திருப்பி வாங்கிக்கொள்வது? சில வாரங்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டே வகுப்புக்கு வந்தாள். தலைமையாசிரியர் கண்டும் காணாமல் விட்டார். அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். எல்லா இடத்திலும் இப்படி விட்டுவிடுவதில்லை. எபோலா நோய் பரவியபோது மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் பள்ளிகளை மூடி, 2015 ஏப்ரலில் திறந்தார்கள். திறந்தபோது, இடைப்பட்ட காலத்தில் கர்ப்பமாகிவிட்ட மாணவிகளை வகுப்புக்குள் விடக் கூடாது என்று தடை போட்டார்கள். அது நீங்கியது 2020 மார்ச்சில், உலகம் முழுக்கப் பள்ளிகள் மூட ஆரம்பித்த அதே மாதத்தில். எந்தப் பிள்ளைக்குப் பள்ளி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறோம். எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி 10 ஆயிற்று. அங்கே எத்தனை ஆசிரியர்கள் என்னைப் போல வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உடற்கல்வி ஆசிரியர்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சுற்று ஓடினாலே மூச்சு வாங்கியது, அது சில வாரங்களில் சரியாகிவிட்டது. ஆட்டத்தில் தோற்றால் அழுகை, அடிதடி. தோற்பதற்கும் கூட்டாளி வேண்டும் அல்லவா, வீட்டில் யாரிடம் தோற்றிருப்பார்கள்? அதுவும் ஆட ஆடச் சரியானது.

சரியாகாமல் இருந்தது ஒன்று. நன்றாகக் கேட்ச் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், திரும்பி வந்தபோது பந்து முகத்துக்கு நேரே வரும்வரை கையைத் தூக்கவில்லை. பழக்கம் விட்டுப்போச்சு என்றார்கள் எல்லோரும். தூரத்தில் நிற்கும் பிள்ளையின் சட்டையில் என்ன படம் என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றாள். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்ட மறு வாரமே பழையபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சீனாவில் ஒரு பகுதியில் 2020இல் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்தபோது, ஆறு வயதுக்காரர்களில் 21.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அது அதிகபட்சமாக 5.7 சதவீதம்தான். வெளிச்சத்தில் விளையாடும் நேரம் குறைந்து, கிட்டத்தில் பார்க்கும் நேரம் கூடியது சும்மா போகுமா? படிப்பு பின்தங்கிவிட்டது என்று விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பீரியடாக மாற்றியவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கரும்பலகையே தெரியாத பிள்ளைக்குக் கூடுதல் கணக்கு வகுப்பால் என்ன பயன்?

மூன்றாம் வகுப்பில் இருந்த பையனின் அம்மா

டீச்சர், ஒரு சந்தேகம். பயமெல்லாம் போய் இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் வகுப்பு ஏற ஏறக் கணக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. வகுத்தல் என்றாலே நோட்டை மூடிவிடுகிறான். இத்தனை காலம் கழித்து இனிமேல் பிடித்துவிட முடியுமா, இல்லை இப்படியே விட்டுவிட வேண்டியதுதானா?

தொடக்கப் பள்ளி ஆசிரியை

கண்டிப்பாகப் பிடித்துவிடலாம் அம்மா. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது மொழியைவிடக் கணக்கில்தான் சரிவு அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் வந்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

வகுத்தலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 35 என்று எழுதினால், 2இலிருந்து 7 போகாது என்று திருப்பிப் போட்டு 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறான் என்று அர்த்தம். கடன் வாங்கிக் கழித்தல் அவன் போனில் படித்த காலத்தில் வந்த பாடம், அங்கேதான் ஓட்டை. அது அடைபடாமல் வகுத்தல் எப்படி வரும்? தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்த்துக் காட்டுங்கள். அவன் கையாலேயே பிரிக்கட்டும். அது பிடிபட்டதும் வாய்ப்பாட்டுக்குப் போங்கள், அதற்கப்புறம் வகுத்தல். கழித்தல் சரியாக வந்தும் வகுத்தல் தடுமாறினால் ஏழு, எட்டாம் வாய்ப்பாடுகளைச் சோதித்துப் பாருங்கள்.

அவன் தப்பாகப் போட்ட கணக்கை அழிக்க வேண்டாம். அந்தத் தாளை அப்படியே வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எந்தப் படியில் வழுக்குகிறான் என்று அதைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.